தோண்டாமல் பார்த்த மரியசெல்வம்

சென்ற செவ்வாய்க்கிழமை, பள்ளியில் இரண்டாம் பாடவேளை மணி அடித்தபோது என் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. ‘செல்வம் சார் காலமாகிவிட்டார். நாளை மதியம் அடக்கம்.’ அனுப்பியவர் உடுமலைப்பேட்டைப் பக்கத்து ஆசிரியை ஒருவர். எங்கள் பயிற்சி வகுப்பொன்றில் கலந்துகொண்டவர். திருப்பூர் ராயபுரத்தில் இருக்கும் செல்வம் வீட்டுக்கு உடனே பேசினேன். அவருடைய மனைவி ஞானம் எடுத்தார். விடியும் நேரத்தில் நெஞ்சை அடைக்கிறது என்றாராம். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். அவருக்கு ஐம்பது வயது நிறையவில்லை.

மரியசெல்வம் அவர்கள் தொல்லியல் படித்தவர் அல்லர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகத் திருப்பூர் வந்து, பனியன் கம்பெனிகளில் மெஷின் பழுதுபார்த்தவர். ஏற்றுமதிக்குப் போகும் குழந்தைச் சட்டையில் உடைந்த ஊசித் துணுக்கு ஒன்று மாட்டியிருந்தாலும் கத்திக் காட்டிக்கொடுக்கும் ‘நீடில் டிடெக்டர்’ மெஷினைச் சரிசெய்வதுதான் அவருடைய கைத்தொழில். அப்படிப்பட்டவர், மண்வெட்டி படாமல் மண்ணுக்குள் இருப்பதை அறியும் முறைகளை இந்த வட்டார ஆசிரியர்களுக்குக் கற்றுத்தரும் ஆளாக எப்படி ஆனார் என்பதை நான்தான் சொல்ல வேண்டும். தொடக்கத்திலிருந்து உடன் இருந்தவள் நான்.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து நான்கைந்து ஆண்டுகள் ஆகியிருக்கும். கோடை விடுமுறையில் வரலாற்று ஆசிரியர்களுக்குப் பத்து நாள் பயிற்சி முகாம் ஒன்று மங்கலத்துக்குப் பக்கத்தில் நடந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியர் கருவிகளோடு வந்திருந்தார். இடம், பனியன் கம்பெனி முதலாளி நாச்சிமுத்து அவர்களின் காடு. மானாவாரி நிலத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம். அங்கே உழும்போதெல்லாம் கறுப்பும் சிவப்புமாகப் பழைய பானை ஓடுகள் கிளம்பிவந்துகொண்டிருந்தன. ஒரு குழிகூட வெட்டுவதில்லை என்ற வாக்கின் பேரில் அவர் இடம் கொடுத்திருந்தார். நிலத்தைக் கயிறு கட்டிக் கட்டம் கட்டமாகப் பிரிப்போம். காந்தமானி என்ற கருவியைத் தூக்கிக்கொண்டு கட்டத்துக்குள் ஒரே சீராக நடப்போம். எப்போதோ நெருப்பு எரிந்த மண்ணுக்கும், மூடப்பட்ட பள்ளத்துக்கும் காந்தத்தன்மை சற்று மாறியிருக்கும். அந்த மாற்றத்தைக் கருவி குறித்துக்கொள்ளும்.

மூன்றாம் நாள் கருவியை எங்கள் கையில் கொடுத்ததும் அது தாறுமாறாக எண்களைக் காட்டத் தொடங்கியது. பேராசிரியர் திகைத்துப்போனார். யாரோ சொல்லி மரியசெல்வம் அவர்களை வரவழைத்தோம். மொபெட்டில் வந்து இறங்கினார். அரைமணி நேரம் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். பெண்கள் நான்கு பேர் இருந்தோம். தரையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

“மெஷின்ல ஒரு கொறையும் இல்ல சார். டீச்சர்மாரு சேலையில ஊக்கு குத்தியிருப்பாகல்லா, அதத்தான் இது படிச்சிக்கிட்டு இருக்கு.”

சேலை மடிப்பில் இரண்டு, தோளில் ஒன்று, தாலிக்கொடியில் அவசரத்துக்கென்று கோத்து வைத்தவை மூன்று. என்னிடம் மட்டும் ஆறு ஊக்குகள் இருந்தன. மறுநாள் ஒரு பெரிய பையோடு வந்தார். கம்பெனியில் கழித்துப்போட்ட டி-ஷர்ட்டுகள், எலாஸ்டிக் வைத்த கால்சட்டைகள். பித்தான், ஜிப், கொக்கி என்று உலோகம் எதுவும் கிடையாது. நாங்கள் வெளிர்சிவப்பு டி-ஷர்ட்டில் வெயிலில் நடந்ததைப் பார்க்க ஊரே வரப்பில் நின்றது. அன்று மாலை அவர் பேராசிரியரிடம் போய், தானும் இதைக் கற்றுக்கொள்ளலாமா என்று கேட்டார். மீதி நாள்களுக்கு வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்தார்.

எங்களில் அவரைப்போல நடக்க யாராலும் முடியவில்லை. செருப்பில் ஆணி இருக்கும் என்று வெறுங்காலோடு, மே மாத மண்ணில், ஒரு மீட்டருக்கு ஒருமுறை கருவி எழுப்பும் ஒலிக்கு ஏற்ப அடி பிசகாமல் நடந்தார். மாலையில் அவர் பாதங்களைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

முகாம் முடிவதற்கு முந்தைய நாள் கணினியில் வரைபடம் வந்தது. சாம்பல் நிறப் பரப்பின் நடுவே கரிய வளையம் ஒன்று, அதைச் சுற்றிச் சிறு புள்ளிகள். ஈமச்சின்னமாக இருக்கலாம், உலைக்களமாகவும் இருக்கலாம் என்றார் பேராசிரியர். நாங்கள் கொண்டாடினோம். நாச்சிமுத்து அவர்களின் முகம் மட்டும் வாடிவிட்டது. சரியாக அந்த இடத்தில்தான் அவர் குடோன் கட்ட அஸ்திவாரத்துக்குக் குறித்து வைத்திருந்தார். செய்தி அரசுக்குப் போனால் காடே கைவிட்டுப் போகும் என்று பயந்தார். அவர் கம்பெனியின் மெஷின்களைப் பார்த்துக்கொள்பவரும் மரியசெல்வம் அவர்கள்தான். எனவே அவரைத் தனியே அழைத்து, கருவி முதலிலிருந்தே பழுது, படம் தப்பு என்று பேராசிரியரிடம் சொல்லிவிடும்படி கேட்டார்.

செல்வம் இதை என்னிடம் வந்து சொன்னார். இங்கே நான் மறைக்காமல் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். நாச்சிமுத்து அவர்களின் ஒரு சொல்லில் நான்கு கம்பெனிகளின் வேலை போய்விடும். பழுது என்றே சொல்லிவிட்டுப் போங்கள், யாரும் உங்களைத் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்று அவருக்கு யோசனை சொன்னவள் நான்.

“நீங்க டீச்சர்லா, நீங்களே சொல்லுதீகளா?” என்றார் அவர். அவ்வளவுதான்.

மறுநாள் காலை வரப்பில் நின்று, நானும் கேட்கும்படி, அவர் நாச்சிமுத்து அவர்களிடம் சொன்னார்: “மெஷின் இருக்குன்னு காட்டுனத நான் இல்லன்னு சொன்னா, நாளைக்கு ஒங்க கம்பெனியில ஊசி இல்லன்னு நான் சொல்லுதத யாரு மொதலாளி நம்புவா? ஒண்ணு செய்யலாம். இருக்கிற எடத்தக் காட்டுத மாதிரி, ஒண்ணுமில்லாத எடத்தையும் இது காட்டும். காடு முழுக்க நான் நடந்து தாரேன். வெறும் எடமாப் பாத்துக் கட்டிக்கிடுங்க.”

நாச்சிமுத்து அவர்கள் காரில் ஏறிப் போய்விட்டார். அடுத்த வாரமே அந்தக் கம்பெனியில் வேறு ஆள் வந்தார். இன்னும் இரண்டு கம்பெனிகள் அழைப்பதை நிறுத்தின. ஞானம் ஒரு கம்பெனியில் தைத்த துணிகளைச் சரிபார்க்கும் செக்கிங் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த மாதங்களில் நான் அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் செல்வம் அதைப் பற்றிப் பேச இடம் கொடுத்ததில்லை. பேராசிரியர் அனுப்பிய குறிப்புகளை என்னிடம் கொடுத்து, ஆங்கிலத்தைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

மழைக்காலம் முடிந்து ஒருநாள் நாச்சிமுத்து அவர்களே ராயபுரம் வந்தார். நானும் அப்போது அங்கே இருந்தேன். உள்ளே வந்து உட்கார்ந்தார். கொடுத்த காபியைக் குடித்து முடித்த பிறகுதான் வாய் திறந்தார்.

“ஏனுங்க செல்வம், அந்த வெறும் எடத்தப் பாத்துக் குடுக்கறேன்னீங்களே. அடுத்த மாசம் வேல தொடங்கோணுங்க.”

செல்வம் உடனே சம்மதித்தார். பேராசிரியரிடம் கருவியைக் கேட்டு வாங்கினோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அவர் நடந்தார், நான் குறிப்பெழுதினேன். காட்டின் வடகோடியில் கருவியில் ஒரு சலனமும் இல்லாத இடம் கிடைத்தது. குடோன் அங்கே எழுந்தது. கரிய வளையம் இருந்த இடத்தில் சோளம் விதைத்தார்கள்.

அதன்பின் பேராசிரியர் எந்த ஊரில் முகாம் போட்டாலும் செல்வம் அவர்களைத்தான் கூப்பிட்டார். நானும் விடுமுறைகளில் உடன் போனேன். உடுமலை முகாமில் காற்றாலை ஒன்றின் இரும்புத் தூண் கருவியைக் குழப்பி எங்களை இரண்டு நாள் அலைக்கழித்தது. அங்கே புதிதாக மணமான ஆசிரியை ஒருவர் தாலியைக் கழற்றச் சொல்வார்களோ என்று ஒதுங்கி நின்றார். “தங்கம் ஒண்ணுஞ் செய்யாதும்மா. அதுல தொங்குத ஊக்கத்தான் கழத்தணும்,” என்று செல்வம் சொன்னதும் அவர் அழுதுவிட்டார். எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பியவர் அவர்தான்.

செல்வத்திடம் குறைகள் இல்லாமல் இல்லை. அடி தவறினால் முழுக் கட்டத்தையும் திரும்ப நடக்கச் சொல்வார். களைத்துப்போனவர்கள் முகம் சுளித்தால் அவரும் முறைத்துக்கொள்வார். மருத்துவரிடம் போகச் சொன்னால் அடுத்த வாரம் என்பார். அப்படிப் பல வாரங்கள் போய்விட்டன.

புதன்கிழமை கல்லறைத் தோட்டத்தில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் முப்பது பேருக்குமேல் வந்திருந்தார்கள். கம்பெனித் தொழிலாளர்கள் சாப்பாட்டு இடைவேளையில் அப்படியே வந்திருந்தார்கள். பாதிரியார் ஜெபித்து முடித்ததும் ஒவ்வொருவராக ஒரு பிடி மண் போட்டோம். எனக்குப் பின்னால் நாச்சிமுத்து அவர்கள் நின்றிருந்தார். மண் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். அந்தக் காட்டுக்குள்ளே என்னதான் இருக்கிறது, தெரிந்ததா என்று கேட்டார். யாரும் தோண்டவில்லை, தெரியாது என்றேன்.

“தெரியாமலே இருக்கட்டுங்க டீச்சர். அவுரு நடந்த எடத்துல நான் ஏருகூட ஆழமா ஓட்டறதில்லீங்க,” என்றவர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கூட்டம் கலைந்தது. ஞானமும் இரண்டு மகள்களும் மேட்டின் மண்ணைக் கையால் தட்டித் தட்டிச் சமன்செய்துகொண்டிருந்தார்கள். நானும் குனிந்து அவர்களோடு சேர்ந்துகொண்டேன். இத்தனை ஆண்டுகளில் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணியாததை அப்போது மனத்துக்குள் சொன்னேன். செல்வம், அன்று நான் சொன்ன யோசனை தவறு. உங்கள் பிள்ளைகளும் அதைத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இங்கே எழுதியும் வைக்கிறேன். நிறைய நடந்துவிட்டீர்கள். இனி இளைப்பாறுங்கள்.