அலாரம் கூப் பாஜே

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் அலாரம் அடித்தால் முதலில் ஓடி வருவது யார் தெரியுமா? யாரும் இல்லை. இரண்டாவது தடவை அடித்தால், ஆபரேட்டர் தாதா டீக்கோப்பையைக் கீழே வைக்காமலேயே இடது கையை நீட்டி ‘மியூட்’ பொத்தானை அமுக்குவார். அறைகளுக்குச் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் அனுப்புகிற யூனிட்டுகளின் கன்ட்ரோலர்கள் அவர் எதிரே சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும். மற்ற பொத்தான்களில் எழுத்து புத்தம்புதிதாக இருக்க, மியூட்டில் மட்டும் தேய்ந்து மறைந்திருந்தது. தாதா என்றால் இங்கே அண்ணன். நம் ஊர் அர்த்தத்தில் தாதாவாக இருக்கிற அளவுக்கு அவரிடம் சுறுசுறுப்பு கிடையாது.

நான் அங்கே பராமரிப்பு அதிகாரி. வேலை ஜாதவ்பூரில், வீடு பெஹாலாவில், கொல்கத்தாவுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். பஸ் போர்டுகளை எழுத்துக்கூட்டிப் படித்தே பெங்காலி கற்றவன். மீன் கடையில் ஒருவர் என் பெங்காலியைக் கேட்டு “உங்களுக்கு எந்த ஜில்லா?” என்று விசாரித்ததை, ஊருக்குப் போகும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிச் சொந்தக்காரர்களைக் கொட்டாவி விட வைத்தவன். அரைகுறைக்குத்தான் அலட்டல் அதிகம் என்பதை அப்போது யாராவது என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம்.

மூன்றாம் மாடியில் ஓர் ஆராய்ச்சி மாணவி இருந்தாள். மூன்று தலைமுறையாகப் பவானிபூரில் இருக்கிற தமிழ்க் குடும்பம். தமிழைவிட அவளுக்குப் பெங்காலிதான் சரளம். ஆனாலும் என்னிடம் மட்டும் பிடிவாதமாகத் தமிழில் பேசுவாள். “அங்கிள், நேத்து என் ரூம் ஒரு டிகிரி மேலே போயிருந்துச்சு” என்பாள். அவள் வளர்த்தது ஈ. வாழைப்பழத்தில் மொய்க்கும் பொடி ஈ. மூன்று வருஷமாகப் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்து உருவாக்கிய ஒரு தனி வம்சம், வரிசை வரிசையாகக் கண்ணாடிக் குப்பிகளில் இருந்தது. அது அற்றுப்போனால் அவளுடைய டாக்டர் பட்டமும் போச்சு. அறை எப்போதும் இருபத்தைந்து டிகிரியில் இருக்க வேண்டும். மாற்றுக்கு இன்னொரு செட் குப்பிகளை வேறு அறையில் வைக்க இடம் கேட்டாள். “ஈக்கு எத்தனை ரூம்?” என்றார் எங்கள் தலைமைப் பொறியாளர். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். கூட்டமாக உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்த அந்தக் கட்டடத்தில், ஈயை வைத்து உருப்படியாக வேலை பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள், தை மாதக் குளிரில், அவள் அறையின் கன்ட்ரோலர் கத்த ஆரம்பித்தது. சென்சார் ஃபால்ட். வெப்பத்தை அளக்கிற சென்சாரிடமிருந்து தகவல் வரவில்லை என்றால் அது உடனே ஹீட்டரை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடும். எங்கள் நிலையத்திலேயே, தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொள்கிற ஒரே ஜீவன் அதுதான். தாதா வழக்கம்போல மியூட் அமுக்கினார். ஐந்து நிமிஷத்தில் திரும்பக் கத்தியது. மறுபடி அமுக்கினார். மத்தியானம் வரைக்கும் அமுக்கிக் களைத்து, ரெஜிஸ்டரில் பெங்காலியில் ஒரு வரி எழுதிவைத்துவிட்டு, லீவு போட்டு ஊருக்கு ரயிலேறிவிட்டார்.

சாயந்திரம் கையெழுத்துப் போட ரெஜிஸ்டரைத் திறந்தேன். ‘சென்சார் அலாரம் கூப் பாஜே.’ கூப் என்றால் ரொம்ப. பாஜே என்றால் மட்டம், உதவாக்கரை. ‘பாஜே லோக்’ என்றால் மோசமான ஆள். அதாவது, அலாரம் ரொம்ப மட்டம், சும்மா கத்துகிறது, நம்பாதே. ஒரு வார்த்தைகூட அகராதி பார்க்காமல் புரிந்துகொண்டேன் என்று உள்ளுக்குள் ஒரு பூரிப்பு வேறு. ஏ.சி. மெக்கானிக்கைக் கூப்பிட்டு, “பொய் அலாரம். லீவுக்கு முன்னாடி வாயை அடைச்சுட்டுப் போ” என்றேன்.

அவன் கெட்டிக்காரன். பத்தே நிமிஷத்தில் சென்சார் வயரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் அரிசி மாதிரி ஒரு ரெசிஸ்டரைச் சொருகினான். கன்ட்ரோலர் அதைச் சென்சார் என்றே நம்பியது. திரையில் 23.8. அலாரம் ஓய்ந்தது. “ஹோயே கேலோ, தாதா” என்றான். ஆச்சு, முடிந்தது. உண்மைதான், முடிந்துதான் போயிற்று. அந்த ரெசிஸ்டருக்கு வெயிலும் தெரியாது, குளிரும் தெரியாது. அறை எரிந்தாலும் அது 23.8 என்றுதான் சொல்லும். இருபத்தைந்து வேண்டிய கன்ட்ரோலர், இன்னும் குளிராக இருக்கிறதே என்று ஹீட்டரை ஓட்டிக்கொண்டே இருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். படித்திருக்கிறேன். லீவு நாள் வந்தால் படிப்பு மறந்துபோகும்.

அன்றே அவள் போன் பண்ணினாள். “அங்கிள், என் ரூம்ல அலாரம் அடிச்சுதாமே? நாளைக்கு வந்து ஒரு தடவை பாக்கட்டுமா?”

“எதுக்கும்மா? இருபத்திமூணு புள்ளி எட்டு காட்டுது. மஞ்சப் புடவை கட்டிக்கிட்டு சரஸ்வதிக்குப் பூப்போட்டு அஞ்சலி குடுக்கப் போ. நான் இருக்கேன்ல?”

நான் இருந்தேன். பெஹாலாவில், பூஜைக் கிச்சடி சாப்பிட்டுவிட்டு, போர்த்திப் படுத்துக்கொண்டு. பூஜையும் ஞாயிறும் சேர்ந்து மூன்று நாள் லீவு. டூட்டிக்கு வந்த மாற்று ஆபரேட்டர் ரெஜிஸ்டரைக் கொண்டுபோய்க் கீழ்த்தளத்தில் சரஸ்வதியின் காலடியில் வைத்துவிட்டார். புத்தகம் என்று வந்துவிட்டால் பூஜை முடிகிறவரை யாரும் தொடக்கூடாதாம். தொட்டிருந்தாலும் என்ன எழுதியிருப்பார்? 23.8, 23.8, 23.8.

திங்கட்கிழமை காலையில் நான் மூன்றாம் மாடிக்குப் போனபோது அவள் அறை வாசலில் நின்றிருந்தாள். திறந்த கதவு வழியாக அடுப்படிச் சூடு முகத்தில் அடித்தது. சுவரில் அவளே மாட்டியிருந்த சாதாரணத் தெர்மாமீட்டர் நாற்பத்தொன்று காட்டியது. புளித்த வாடை. எல்லாக் குப்பிகளின் அடியிலும் கறுப்பாக, எள்ளைக் கொட்டினாற்போல ஈக்கள் செத்துக்கிடந்தன. அவள் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திரும்ப அதே இடத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்லவாவது ஒரு வேலை இருந்திருக்கும்.

பிறகு நேராகக் கீழே போய் ரெஜிஸ்டரை எடுத்துவந்தாள். பக்கத்துக்கு நடுவே சாமந்தி இதழ் ஒட்டியிருந்தது. அந்த வரியை விரலால் தொட்டாள்.

“ரொம்ப அடிக்குதுன்னு தாதா எழுதி வெச்சிருக்காரு. நீங்க என்ன பண்ணீங்க?”

“மட்டம்னு படிச்சேன்மா. பொய் அலாரம்னு...”

“மணி என்னன்னு பெங்காலில எப்டிக் கேப்பீங்க, அங்கிள்?”

“கொட்டா பாஜே.”

“அப்போ எத்தனை மணி மட்டம்னா கேக்கறீங்க?”

இருபத்திரண்டு வருஷமாகத் தினம் நாலு தடவை கேட்ட கேள்வி. பாஜே என்றால் அடிக்கிறது என்றும் அர்த்தம். மணி அடிப்பதற்கும் அலாரம் அடிப்பதற்கும் அதே வார்த்தைதான். மீன்காரருக்குத் தெரியும், பஸ் கண்டக்டருக்குத் தெரியும், எந்த ஜில்லா என்று கேட்கப்பட்ட பெரிய மனிதனுக்குத் தெரியவில்லை.

விசாரணை நடந்தது. தலைமைப் பொறியாளர் ஒரே வரியில் முடித்தார்: ‘சென்சார் கோளாறு காரணமாக.’ கெட்டுவிட்டேன் என்று அரை நாள் தொண்டை கிழியக் கத்தியதே, அதன் தலையில் பழி. அதற்கு வாய் இல்லை, யூனியன் இல்லை, பென்ஷனும் இல்லை. கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார். ரெசிஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் போட்டேன். கை நடுங்கியது என்று எழுதினால் அழகாக இருக்கும். நடுங்கவில்லை, இருபத்திரண்டு வருஷப் பழக்கம். அறிக்கையின் நகல் அவளுக்கும் போனது.

அவள் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். மறுபடி மூன்று வருஷம். போன வாரம் பட்டப்பகலில் அவளிடமிருந்து போன். “சார், அலாரம் பாஜ்சே” என்றாள். பாஜே இல்லை, பாஜ்சே. இப்போது அடித்துக்கொண்டிருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். என்னைப் போன்றவனுக்குக்கூடத் தப்பாகப் புரிய வழியில்லை. சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நான் ஓடினேன். மாடிப்படி ஏறும்போதுதான் உறைத்தது, அவள் என்னோடு தமிழில் பேசுவதை எப்போதோ நிறுத்தியிருந்தாள்.