சிவப்பு நூல் முடிந்த சட்டை

பேத்திக்குச் சிறிதாகிப்போன சட்டைகளை யாருக்கும் கொடுக்க மனமில்லாமல் பெட்டியில் அடுக்கிப் பூட்டப் போனேன். மழைக்கு அடுப்பு மேல் காயவைத்ததில் அவற்றில் ஏறியிருந்த புகை வாசனை, என்னைச் சின்ன வயதில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்கு இழுத்துப் போனது.

கொழுந்தெடுக்கும் அம்மாமார் குழந்தைகளை அங்கேதான் விடுவார்கள். சட்டை மாறாதிருக்க ஆளுக்கொரு நிறத்தில் நூல் முடிந்திருக்கும். நானும் தங்கச்சியும் அங்கேதான் இருப்போம்; அவளுக்குச் சிவப்பு.

அவள் காய்ச்சலில் செத்துப்போன மறுவாரம், ஆயம்மா மறதியாக, அங்கேயே தங்கிவிட்ட அந்தச் சட்டையை இன்னொரு குழந்தைக்குப் போட்டுவிட்டார். என்னைப் பார்க்க வந்த அம்மா அந்தச் சிவப்பு நூலைப் பார்த்துவிட்டாள். ஆயம்மா பதறிக் கழற்றப் போனார். குழந்தை வீறிட்டது.

"கழட்டாதீங்கக்கா. இவ அம்மா வர நேரமாகும். இங்க குடுங்க, எனக்கும் பால் கட்டி நோகுது" என்றாள் அம்மா.

சட்டையை அவள் திரும்பக் கேட்கவேயில்லை.

பூட்டை ஆணியில் மாட்டிவிட்டு, அடுத்த வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சியைக் கூப்பிட்டேன்.