லம்பாசாவில் வளர்ந்த பிள்ளை

வைதேகி அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் மைசூர் விஜயநகரில் எங்கள் வீட்டு வாசலில், காய்கறி வண்டியிலிருந்து அவரைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். போனில் அவர் கணவர் சம்பத் சாரின் பெயரைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. கொஞ்ச நாளாகவே அக்கா நுரையீரலில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் இருந்தார்.

"கௌரி, போயிட்டாம்மா" என்றார். நான் ஏதோ கேட்டதுபோல, "ரொம்பக் கஷ்டப்படலை" என்றார்.

காரியங்கள் முடிந்த பிறகு அவரே என்னைக் கூப்பிட்டு, நம் சங்கத்தின் மாத இதழுக்கு எழுதச் சொன்னார். "பீஜியில நடந்ததையும் எழுது. மறைக்க வேண்டாம். இங்க இருக்கறவாளுக்கு அவளைப் பிள்ளையைப் பறிகொடுத்தவன்னு மட்டும்தான் தெரியும்" என்றார். அவர் சொல்லியிருக்காவிட்டால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

உங்களில் பலருக்கு அக்காவைத் தெரியும். மேல்கோட்டைக்காரர்; பேச்சில் கன்னடம் கலந்து, 'அடி' என்பதற்குக் 'கணே' என்பார், 'சும்மா' என்பதற்குச் 'சும்னே' என்பார். உரத்துப் பேசமாட்டார். அவர் மகன் பார்த்தசாரதியை, எல்லோருக்கும் பார்த்தன், ஸ்ரீரங்கப்பட்டணம் அருகே நெடுஞ்சாலையில் லாரி அடித்துப்போட்டதும் உங்களுக்குத் தெரியும். இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அக்கா வீட்டை விட்டு வெளியே வருவதே அபூர்வமாயிற்று. ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே போனது. சம்பத் சாரும் என் கணவரும் ஒரே சர்க்கரை ஆலையில் இன்ஜினியர்கள். பீஜித் தீவுகளில் லம்பாசா என்ற சின்ன ஊரின் ஆலைக்கு இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் ஆள் கேட்டபோது இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். இடம் மாறினால் அக்கா தேறுவார் என்று சம்பத் சார் நம்பினார்.

சிறிய விமானத்தில் போய் இறங்கினோம். எங்கே பார்த்தாலும் கரும்பு. ஊருக்கு ஒரே ஒரு பெரிய தெரு, ஒரு பஸ் நிலையம், பக்கத்தில் சந்தை, ஒரு கலங்கலான ஆறு. ஆலை எங்களுக்குக் கொடுத்தது அடுத்தடுத்த இரண்டு மர வீடுகள், தகரக் கூரை. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் விட்டுப்போன தட்டு, டம்ளர், கிழிந்த திரை எல்லாம் அப்படியே இருந்தன. நமக்குப் பிறகு வருகிறவர்களுக்கும் இவைதான் என்று நினைத்துக்கொண்டு நான் ஒன்றையும் மாற்றவில்லை. ஆலை ஓடுகிற மாதங்களில் கொடியில் காயும் துணிமேல் கரும்புச் சக்கைக் கரி பறந்து வந்து விழும். உதறிவிட்டு மடிக்கப் பழகினோம்.

முதல் வாரத்திலேயே எதிர்வீட்டுப் புஷ்பா கவுண்டர் ஒரு பாத்திரம் நிறைய மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துக்கொண்டு வந்தார். கரும்புத் தோட்டக்காரரின் மனைவி. பாட்டன் பூட்டன் காலத்தில் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கூலிக்குப் போன குடும்பம். தமிழில் அம்மா, சோறு, மாரியம்மா என்று சில சொற்கள்தான் மிச்சம். மற்றதெல்லாம் அந்த ஊர் இந்தி. பள்ளிக்கூடத்தில் படித்த இந்தியை வைத்து நாங்கள் சமாளித்தோம். உட்கார்ந்ததும் வைதேகி அக்காவை இந்தியில் அக்காவென்று அழைத்து அவர் கேட்ட முதல் கேள்வி, "தீதி, உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை?"

அக்கா நிதானமாகச் சொன்னார். "ஒரே பையன். மைசூருல இன்ஜினியரிங் படிக்கறான்."

புஷ்பா போனபின் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நிஜத்தைச் சொல்லத்தான் வாயைத் தெறந்தேன் கணே. இதுதான் வந்தது" என்றார். பிறகு, "நன்னா இருந்தது" என்றார்.

அன்றிலிருந்து அந்த ஊரில் பார்த்தன் உயிரோடு இருந்தான். சந்தையில் கத்தரிக்காய் விற்கும் பெண், பஸ் டிரைவர், ரொட்டிக் கடைக்காரர் எல்லோரும் அக்காவைப் பார்த்தால் முதலில் கேட்பது, "லட்கா கைசே ஹை?" பையன் எப்படி இருக்கிறான் என்று. "பரீட்சை நடக்கறது", "சளி பிடிச்சிருக்கு", "தலைமுடி வளர்த்துண்டிருக்கான், சொன்னா கேக்கமாட்டேங்கறான்" என்று அக்கா பதில் சொல்வார். காலையில் நாங்கள் துணி உலர்த்தும்போது, "மைசூருல இன்னும் விடியலை, தூங்கிண்டிருப்பான்" என்பார். மைசூரில் அவர் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. அங்கே சிரித்தார். புதுத் திரைத்துணி வாங்கித் தைத்தார். கொல்லையில் முருங்கை வைத்தார். இரண்டு வருஷத்தில் கிளம்பப் போகிற வீட்டில் முருங்கை எதற்கு என்று நான் கேட்டதற்கு, "சும்னே வெக்கறேன். காய்ச்சா காய்க்கட்டும்" என்றார்.

சம்பத் சாரால் முதலில் இதைத் தாங்க முடியவில்லை. "செத்தவனைப் படிக்க வெச்சிண்டிருக்கா கௌரி. நீயாவது எடுத்துச் சொல்லேன்" என்று ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து கத்தினார். நான் சொல்லவில்லை. சொல்லாததைத் தப்பென்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம், ஆலையிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். கேட் காவலாளி பையனைப் பற்றி விசாரித்தானாம். "நன்னா இருக்கான்னு சொல்லிட்டேன். என் வாயாலயே சொல்லிட்டேன்" என்று முகத்தை மூடிக்கொண்டு அழுதார். என் கணவர் அவர் தோளில் கைவைத்தபடி நின்றுகொண்டேயிருந்தார்.

புஷ்பா நல்ல மனுஷி. பார்த்தனுக்கு நல்ல வேலை கிடைக்க வேண்டும் என்று ஊர் மாரியம்மன் கோவிலில் விரதம் இருந்தார். தீ மிதிக்கும் திருவிழாவில் தன் கணவரை அவன் பெயரையும் சொல்லி இறங்கச் செய்தார். அடுத்த மாதம் பார்த்தனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. "அவ அவ்வளவு வேண்டிண்டிருக்கா. கிடைக்கலைன்னு எப்படிச் சொல்லறது?" என்றார் என்னிடம். ஊரில் எல்லோருக்கும் பாயசம் கொடுத்தார்.

ஒருமுறை புயல் வந்தது. தகரக் கூரைகளுக்கு ஆபத்து என்று எல்லோரையும் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போகச் சொன்னார்கள். பகல் முழுக்கக் காற்று ஊளையிட்டது. போன் எதுவும் வேலை செய்யவில்லை. புஷ்பா அக்காவை அணைத்துக்கொண்டு, "டிவியில் பார்த்துவிட்டு உங்கள் பையன் அங்கே துடித்துக்கொண்டிருப்பான், பாவம்" என்று அழுதார். அக்கா அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "அவன் என்னை நினைச்சு கவலைப்படறான்னு ஒருத்தி நம்பறா. எனக்கு அது போறும் கௌரி" என்றார்.

ஒப்பந்தத்தை ஒரு வருஷம் நீட்டித்தார்கள். அதற்கு மேல் இல்லை என்றுவிட்டார்கள். வேறு எந்த ஆலையிலாவது, அந்த நாட்டிலேயே ஏதாவது ஒரு மூலையில் வேலை பாருங்கள் என்று அக்கா சம்பத் சாரைக் கெஞ்சினார். அவர் முயற்சி செய்தார், நடக்கவில்லை. பெட்டி கட்டும்போது அக்கா ஒவ்வொரு துணியையும் எடுத்து எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தார். நான் போய்த்தான் கட்டி முடித்தேன். "உனக்கு இது ஊருக்குப் போறது கணே. எனக்கு அங்க இறங்கினதும் அவன் மறுபடியும் போயிடுவான்" என்றார்.

அவர் சொன்னபடியே ஆயிற்று. மைசூர் வீட்டுக் கூடத்தில் மாலை போட்ட படம் இருந்தது. பார்க்க வந்தவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். "இப்ப கொஞ்சம் தேவலையா?" என்று கேட்டார்கள். யாரும் அவனைப் பற்றிக் கேட்கவில்லை. அவன் பெயரைச் சொன்னால் அக்கா உடைந்துவிடுவார் என்ற நல்லெண்ணம்தான் எல்லோருக்கும். வாரம் ஒருமுறை புஷ்பா வீடியோவில் கூப்பிடுவார். அந்த நேரத்தில் மட்டும் அக்கா, படம் திரையில் விழாதபடி, சமையலறைக்குப் போய் நின்று பேசுவார். அந்தச் சில நிமிஷம் அவர் முகமே வேறாக இருக்கும்.

போன வருஷம் ஒருநாள் நான் அங்கே இருந்தபோது புஷ்பாவின் அழைப்பு வந்தது. அவர் முகமெல்லாம் சிரிப்பு. "தீதி, என் தங்கை மகள் நர்ஸுக்குப் படித்து முடித்துவிட்டாள். வெளியே கேட்க எங்களுக்கு மனசில்லை. உங்கள் பையனுக்கு எடுத்துக்கொள்வீர்களா?" என்றார். பின்னால் அந்தப் பெண் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றாள். சின்னப் பெண்.

அக்கா அடுப்பை அணைத்தார். வேலை மாறிவிட்டான், வெளிநாடு போய்விட்டான், வேறு பெண் பார்த்துவிட்டோம் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். ஆனால் அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டே, "புஷ்பா, அவன் இல்லை" என்றார்.

"எங்கே போயிருக்கிறான்?"

"செத்துட்டான்."

புஷ்பா நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "எப்போது? ஐயோ, எப்போது தீதி?"

"நாங்க உங்க ஊருக்கு வர்றதுக்கு முன்னாடியே."

புஷ்பா ஓவென்று கத்தித் தன் கணவரைக் கூப்பிட்டார். மண்டபத்தில் புயலுக்குக்கூட அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் அவன் செத்ததுபோல அந்த வீட்டில் எல்லோரும் அழுதார்கள். பிறகு தொடர்பு அறுந்தது. அதன்பின் அந்த எண்ணிலிருந்து அழைப்பு வரவேயில்லை. கோபமா, பொய்க்காகத் தீ மிதித்த வேதனையா, எனக்குத் தெரியாது. எதுவானாலும் அவரைக் குறை சொல்ல முடியாது.

அக்கா போனைக் கவிழ்த்து வைத்தார். "அங்கயும் போயிட்டான் கணே" என்றார். மறுபடியும் அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவரைத் தேற்றும் வழி எங்கள் யாருக்கும் தெரியவில்லை. சாப்பாடு குறைந்தது. இந்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது; சளி நெஞ்சில் இறங்கியது. டாக்டர் எழுந்து நடக்கச் சொன்னார். அக்கா தலையாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

இறந்த செய்தியைப் புஷ்பாவுக்கு எழுதி அனுப்பினேன். படித்துவிட்டதாக நீலக் குறி காட்டியது. பதில் இல்லை.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஊரில் வளர்ந்த பார்த்தன்தான். சந்தைக்கு நடக்கும்போது ஊராரிடம் சொல்லாததையெல்லாம் அவர் என்னிடம் சொல்வார். அவன் கணக்குப் பேப்பரில் ஒருமுறை தவறி மறுபடி எழுதித் தேறினான். பாகற்காய் சாப்பிடப் பழகினான். தண்ணீரைக் கண்டு பயந்தவன் நீச்சல் கற்றுக்கொண்டான். கூட வேலை செய்யும் ஒரு பெண்ணைப் பிடித்துப்போய், சொல்லத் தைரியம் வராமல் திரிந்தான். இதைப் படிக்கும்வரை சம்பத் சாருக்கு இதெல்லாம் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்குத் தெம்பும் இருந்ததில்லை. இந்தப் பையனைத் தெரிந்த ஆள் இனி நான் ஒருத்திதான். அந்தப் பெண்ணிடம் அவன் கடைசியில் சொன்னானா இல்லையா என்று நான் அக்காவைக் கேட்டதேயில்லை. இனிமேல் கேட்க ஆளில்லை.