பெயர் சொல்லக் கூடாத இலை

பழவேற்காட்டு ஏரியில் கெளுத்தி முள் குத்தியவர்கள் எல்லோரும் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரரிடம்தான் ஓடி வருவார்கள். அவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒல்லாந்தர் கல்லறைப் பக்கம் போய், ஓர் இலையை மடியில் மறைத்து எடுத்து வருவார். நான் சட்டியில் வாட்டிக் கொடுப்பேன், அவர் வைத்துக் கட்டுவார். அதன் பெயரை வாய்விட்டுச் சொன்னால் இலையின் வேகம் செத்துப்போகும் என்பது அவர் போட்ட சட்டம்.

அது வேறொன்றுமில்லை, அடப்பங்கொடி. எங்கள் வாசலிலிருந்து தண்ணீர் வரைக்கும் மணலெல்லாம் அதுதான் படர்ந்து கிடக்கும். ஊருக்கே தெரியும். தெரியாததுபோல் நடிப்பதுதான் மரியாதை என்று ஊர் நினைத்தது.

ஒருநாள் நாங்கள் இருவரும் சேற்றில் கைவிட்டு இறால் தடவிக்கொண்டிருந்தபோது, அவர் உள்ளங்கையிலேயே கெளுத்தி முள்ளை ஏற்றிவிட்டது. கரைக்கு இழுத்து வருவதற்குள் முழங்கை வரை வீங்கிவிட்டது. அந்தக் கை போனால் எங்கள் சோறும் போச்சு.

"இன்னா இலைண்ணா? சொல்லு, பறிச்சினு வரோம்" என்றார்கள் கூடியவர்கள்.

வலியில் அலறினாரே தவிர, பெயரைச் சொல்லவில்லை. ஒருவன் எருக்கிலையோடு ஓடி வந்தான், இன்னொருவன் நொச்சியோடு. "இதாண்ணா?" அவர் இல்லையென்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். அத்தனை பேரும் நின்றது அடப்பங்கொடியின் மேல். நான் குனிந்தேன்.

"வாயத் தொறக்காத" என்று பல்லைக் கடித்தார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அடப்பங்கொடிதான்! உங்க காலுக்குக் கீழதான் கெடக்குது, நகருங்கய்யா!" என்று கத்தினேன். ஒரு பெரியவர் காதைப் பொத்திக்கொண்டார். நானே பிடுங்கி, வாட்டி, கட்டினேன்.

பொழுது சாய்வதற்குள் வலி இறங்கியது. மறுநாள் வீக்கமும் வடிந்தது. விரல்களை மடக்கிப் பார்த்தவர் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். பெயரைச் சொன்ன பிறகும் இலை வேலை செய்துவிட்டதே! வாசலில் ஆள் சத்தம் கேட்டதும் கையைத் துணியில் கட்டித் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"இவ பேரச் சொல்லிட்டா, கை விளங்காமப் போச்சு" என்றார். நம்பினார்கள்.

அதன்பின் ஏரியில் நான் ஒருத்தியே இறங்கினேன். "வாயாலயே புருசன் கைய முடக்கிட்டா, இவளும் ஒரு பொம்பளயா?" என்று பக்கத்தில் இறால் தடவிய பெண்கள் என் காதுபடப் பேசினார்கள். வீட்டுக்கு வந்து அவரிடம் சொல்லி அழுதேன்.

"பேசினா பேசிட்டுப் போறாளுங்க. நீ படலச் சாத்து" என்றார்.

சாத்தினேன். நான் பிடித்து வந்து ஆக்கிய நண்டை இரண்டு கையாலும் உடைத்துத் தின்றார்.