மூன்று பில்டர்களும் கலவானச் சேதியும்

குருவிட்டைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சிற்றலை வானொலி கேட்பது என் பழக்கம். அந்த மாதம், என் ரிசீவருக்கு எந்த ஐ.எஃப். பில்டர் சரிவரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாம் தேடும் குரலை உள்ளே விட்டு, பக்கத்து நிலையத்தை வெளியே நிறுத்துவதுதான் அதன் வேலை.

மூன்று வகையை ஒரே சுவிட்சில் இணைத்திருந்தேன். செராமிக் மலிவு, குரல் நிறைவாக வரும், கண்ட கண்ட சத்தமும் கூடவே வரும். பழைய செட்டிலிருந்து கழற்றிய மெக்கானிக்கல் கொஞ்சம் கறார். கிரிஸ்டலின் வழியோ மிக ஒடுக்கம்; அதில் யார் பேசினாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவதுபோல இருக்கும். எனக்குச் செராமிக்தான் பிடித்தது.

“மூணுலயும் இரைச்சல்தானேங்க வருது,” என்பாள் மனைவி.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. கலவானப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அவளுடைய தங்கை நிறைமாதமாக இருந்தாள். ஒருநாள் காலையில் கரண்ட் போனது; போனும் செத்தது. அந்தத் தோட்டத்துக் கீழ் டிவிஷனில் மண் சரிந்து, தங்கை குடியிருந்த லயத்து வீட்டு வரிசையையே மூடிவிட்டதாகக் கடையில் பேசிக்கொண்டார்கள். கேட்டதும் மனைவி குடையை எடுத்தாள்.

“ரோட்டுல இடுப்பளவு தண்ணி. எப்படிப் போவ?”

“அப்ப என்னங்க செய்யச் சொல்றீங்க?”

ரிசீவரைக் கார் பேட்டரியில் மாட்டினேன். வெள்ளக் காலத்தில், வீட்டிலிருந்தே பேசி ஒலிபரப்பும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் ஊருக்கு ஊர் சேதி பரிமாறுவார்கள். என்னிடம் இருப்பது கேட்கும் பெட்டி மட்டும். எதையும் விசாரிக்க முடியாது.

செராமிக்கில், ஏதோ வெளிநாட்டு நிலையத்தின் பாட்டு அவர்கள் பேச்சை முழுக்க மூடியது. மெக்கானிக்கலுக்கு மாற்றினேன். பாட்டு பின்வாங்கியது, சொற்கள் உடைந்து உடைந்து வந்தன. ‘கலவான’ என்றது மட்டும் புரிந்தது. மனைவி என் தோளை அழுத்திப் பிடித்தாள். கிரிஸ்டலுக்குத் திருப்பினேன். பாட்டு அறவே நின்றது. மெலிந்த ஆண்குரலொன்று சிங்களத்தில் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

தோட்டத்தின் பெயரைச் சொன்னார். கீழ் டிவிஷன் லயம் விழுந்துவிட்டது, ஆனால் முதல் நாளே சனங்களை மேலே கோயில் மண்டபத்துக்கு ஏற்றிவிட்டார்கள், யாருக்கும் ஆபத்தில்லை. அங்கே ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. “அம்மய் தருவய் தென்னம ஹொந்தின்,” என்றார். தாயும் பிள்ளையும் நலம்.

அந்த லயத்தில் பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருந்தவள் தங்கை ஒருத்திதான்.

மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

“ஆம்பளப் புள்ளயா, பொம்பளப் புள்ளயா?”

“அத சொல்லலியே.”

“போகட்டும் விடுங்க,” என்று எழுந்தாள். “காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல. ரொட்டி சுடுறேன்.”