ஐப்பசிச் சொதி

காந்திமதிநாதன் அண்ணாச்சியைப் போல ஒரு சந்தேகப் பிராணியை நான் பார்த்ததில்லை. பால்காரன் மணியை இரண்டு தடவை அடித்தால் அதற்குக்கூட ஏதாவது அர்த்தம் இருக்குமோ என்று யோசிக்கிற மனிதர். பாளையங்கோட்டை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவருக்குக் கீழே நான் வேலை பார்த்தேன். பக்கத்துத் தெருவில்தான் என் வீடு. கீழே வேலை பார்க்கிறவனாக, பக்கத்துத் தெருக்காரனாக, வம்புக்கு இழுக்கிறவனாக என்று முப்பது வருசத்துக்கு மேலாக அவரோடு பழக்கம்.

அவருக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான். போனில் பேசுவதை மேலே இருக்கிறவன் எவனோ கேட்டுக்கொண்டே இருக்கிறான். அது சும்மா வந்ததில்லை. இளம் வயதில் ஒருமுறை, மேலிடத்து உத்தரவோடு இரண்டு பேர் எக்ஸ்சேஞ்சுக்கு வந்து உட்கார்ந்தார்கள். ஒரு ஆளுடைய லைனை ஒட்டுக்கேட்கக் கம்பி போட்டுக் கொடுத்தது அண்ணாச்சி. சரியாக வருகிறதா என்று பார்க்கக் காதில் வைத்தபோது அந்த ஆள் தன் மனைவியிடம் அழுதுகொண்டிருந்தான். பிள்ளைக்கு முடி எடுக்க ஊருக்கு வர முடியவில்லை என்று அழுகை.

"அவன் பொண்டாட்டிகிட்ட அழுததை நான் எதுக்குவே கேக்கணும்?" என்று என்னிடம் பலதடவை சொல்லியிருக்கிறார். "கேட்டுட்டேன். நாளைக்கு என் அழுகையை எவனாவது கேப்பான்."

"உம்ம அழுகையைக் கேக்கத்தான் டெல்லியில ஒரு கூட்டமே சோறு தண்ணியில்லாம உக்காந்திருக்காவ" என்பேன். சிரிக்கமாட்டார்.

வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். போனில் பணம், உடம்பு, மனசு, வரவு, போக்கு எதையும் பேசக்கூடாது. பேசினால் சுருக்கமாகப் பேசிவிட்டு வைக்க வேண்டும். அவர் மனைவி கோமு மதினிக்கு வாய் ஓயாது. தெருவில் போகிற பூக்காரியிடமே அரைமணி நேரம் பேசுகிற மனுசி அவள். அவளையும் போன் என்றால் வாயை மூட வைத்திருந்தார். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. அவரிடமே சொல்லியும் இருக்கிறேன்.

ஒரே மகள் சங்கரி. கணினிப் படிப்பு படித்து, பெங்களூரில் வேலை பார்த்து, போன புரட்டாசிக் கடைசியில் ஜெர்மனிக்குப் போனாள். போவதற்கு முன்னால் அப்பா அம்மா போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தாள். எழுதுவதும் பேசுவதும் இந்தப் போனிலேயே பூட்டப்பட்டு, அந்தப் போனில்தான் திறக்கும். நடுவில் எவன் பிடித்தாலும் வெறும் கிறுக்கல்தான் கிடைக்கும் என்றாள்.

"பூட்டுன்னு ஒண்ணு இருந்தா சாவின்னு ஒண்ணு இருக்கும், ஏட்டி" என்றார் அண்ணாச்சி. "பெரிய பெரிய உளவுக்காரன்லாம் இதை உடைக்காமலா இருப்பான்?"

"பூட்டை உடைக்க அவங்களுக்கும் வழி தெரியலப்பா. வேணும்னா போனுக்குள்ளயே திருட்டுத்தனமா புகுந்து பாப்பாங்க. அதுக்கு எவ்வளவு செலவு தெரியுமா? அம்மா வத்தல் போட்ட கதையைக் கேக்க அவ்வளவு செலவழிப்பானா?"

அவர் மசியவில்லை. ஜங்ஷன் ஸ்டேஷனில் நெல்லை எக்ஸ்பிரசுக்குக் காத்திருக்கும்போது, பெட்டிகளுக்கு நடுவே மகளை நிறுத்தி ரகசிய வார்த்தைகளை மனப்பாடம் செய்ய வைத்தார். எல்லாம் சமையல் வார்த்தைகள். அடுக்களைப் பேச்சை எவனும் சந்தேகப்பட மாட்டான் என்பது அவர் கணக்கு. எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் குழம்பான சொதியை வைத்து, 'சொதி வச்சோம்' என்றால் எல்லாரும் சுகம். ஆனால் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டே இருந்தால் கேட்கிறவன் பிடித்துவிடுவான் இல்லையா? அதனால் மாசம் பிறந்ததும் அர்த்தம் மாறும். அடுத்த மாசம் சொதி என்றால் 'அம்மாவுக்கு முடியல, உடனே வா'. இஞ்சி என்றால் 'புறப்பட்டாச்சு'. சொன்னதை மறுதடவை சொல்லக்கூடாது. பேசி முடித்ததும், குரலைப் பதிந்து அனுப்பியது உட்பட செயலியில் உள்ளதை எல்லாம் அழித்துவிட வேண்டும்.

மதினி என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "பாத்தியளா, எம்மவகிட்ட நான் சொதி வச்சேன்னு சொல்லக்கூட இவிய சம்மதம் வேணும்."

சங்கரி சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அப்பாவின் கிறுக்குக்கு ஒரு விளையாட்டு என்று நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஐப்பசி பிறந்த கையோடு மதினிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதய வால்வு கெட்டிருக்கிறது, சீக்கிரம் அறுவை செய்ய வேண்டும் என்றார் டாக்டர். மதினி பயந்தவள் இல்லை. ஆனாலும் ஒரே பிடியாக நின்றாள். "சங்கரி வரட்டும். அவ மொகத்தைப் பாத்துட்டுத்தான் மேசையில படுப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை சங்கரி கூப்பிட்டாள். அன்று நானும் அங்கே இருந்தேன். அண்ணாச்சி தலையசைத்ததும் மதினி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு வீட்டுல சொதி, மக்கா" என்றாள்.

"ஐ, சொதியா! இஞ்சிப் பச்சடி உண்டுலா? எனக்கும் வேணும்மா" என்று அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

அண்ணாச்சி முகம் மலர்ந்துவிட்டது. இஞ்சி என்று சொல்லிவிட்டாளே! "புரிஞ்சிக்கிட்டா. புறப்படுதா" என்று எங்களுக்குச் சைகை காட்டிவிட்டு அழைப்பைத் துண்டித்தார். "எப்படிச் சிரிச்சுச் சமாளிக்கா பாத்தீரா! எம் மவவே" என்று பெருமை வேறு.

திருநெல்வேலியில் பிறந்த எவளிடம் சொதி என்று சொன்னாலும் அடுத்த வார்த்தை இஞ்சிப் பச்சடிதான். மறுவீட்டுப் பந்தியில் சொதியை ஊற்றிவிட்டு இஞ்சி வைக்காமல் போனால் சண்டையே வரும். இது எக்ஸ்சேஞ்சையே கட்டி ஆண்ட மனிதருக்குத் தோன்றவில்லை. பக்கத்திலிருந்த எனக்கும் தோன்றவில்லை.

மதினிக்கு அன்றைக்கே பாதித் தெம்பு வந்துவிட்டது. மகளுக்கென்று கூழ்வத்தலை எடுத்து வெயிலில் காட்டினாள். மாடி அறையில் புது விரிப்பு போடச் சொன்னாள். டாக்டர் குறித்த செவ்வாய்க்கிழமையைத் தள்ளிப்போட்டார்கள். ஆட்டோ சத்தம் கேட்டால் வாசலைப் பார்ப்பாள்.

"விமானம் கிடைக்கணும்லா, பைய வருவா" என்று அவளே எனக்குச் சமாதானம் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலையில், வாசலைப் பார்த்துப் போட்ட நாற்காலியிலேயே கோமு மதினி போய்விட்டாள்.

நான்தான் சங்கரிக்குச் சேதி சொன்னேன். பச்சைத் தமிழில், ஒளிவு மறைவில்லாமல் சொன்னேன். அவள் வந்து சேரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். வந்தவள் அம்மா காலைப் பிடித்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "ஏன்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னனே" என்றார் அண்ணாச்சி. "சொதின்னு சொன்னம்லா. நீ இஞ்சின்னியே."

"சொதின்னா சுகம்தானப்பா. நவம்பர் ஒண்ணாம் தேதிதான மாறும்?"

"ஐப்பசி பொறந்துட்டே, ஏட்டி."

மாசம் பிறந்தால் என்று அவர் சொன்னது அவருடைய மாசம். அவள் போன ஊரில் மாசம் ஒன்றாம் தேதிதான் பிறக்கும். எந்த உளவுக்காரனும் தொடாத பேச்சு, பெற்ற மகளுக்கே புரியாமல் போய்விட்டது. எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஆனால் உடைந்துபோய் உட்கார்ந்திருக்கிற மனுசனிடம் என்ன கோபத்தைக் காட்டுவது?

சங்கரி திரும்பிப் போன பிறகு, தை மாசம் ஒருநாள் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. மகளுடைய அழைப்பு வந்தது. என்னையும் கேட்கச் சொல்லிச் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

"யம்மா சங்கரி, ஒண்ணு கேக்கணும். அம்மா பேசினது ஒண்ணுகூட எங்கிட்ட இல்ல. எல்லாத்தையும் நாந்தான் அழிக்கச் சொன்னேன்." போனை இன்னும் கிட்டத்தில் பிடித்தார். "எவனாவது பதிஞ்சு வச்சிருப்பானா? வச்சிருந்தா, கால்ல விழுந்தாவது கேட்டு வாங்கிருவேன். அவ குரலை ஒருதடவை கேட்டாப் போதும்."



"இருக்காதுப்பா" என்றாள் சங்கரி. "நாம பேசிக்கிட்டோம்ங்கிறது மட்டும் எங்கயாவது இருக்கும். என்ன பேசினோம்ங்கிறது இருக்காது. பிடிச்சு வச்சிருந்தாலும் அவங்களால திறக்க முடியாது."

"ரொம்பப் பெரிய ஆளுவளாலயுமா?"

"அவங்களாலயும் முடியாதுப்பா."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் தப்பித்தவறி வேறு பதில் சொல்லிவிட மாட்டேனா என்கிற பார்வை. எனக்குப் பொய் வரவில்லை.

"ஆயுசு முழுக்கப் பயந்தேனேவே" என்றார். "ஒருத்தன்கூடவா கேக்கல?"

போனில் சங்கரி அழ ஆரம்பித்தாள். அவரும் அழுதார். அன்றைக்கு அவர் அழைப்பைத் துண்டிக்கவில்லை.