இரண்டாவது ஏழு

சிரிக்கிறதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள். நான் கணக்கு வாத்தியார். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் "போய்யா, போய் வேலையப் பாரு" என்று விரட்டுகிற ஆள். தரங்கம்பாடியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

தேவா என்னோடு படித்தவன். கணக்கில் நான் முதல், அவன் இரண்டாவது. ஆனால் கம்ப்யூட்டர் படித்து அமெரிக்கா போனது அவன், இங்கேயே டியூஷன் எடுத்துக்கொண்டு கிடந்தது நான். வயிறு எரியாதா? எரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது. கிளம்பும் அன்று, வழியனுப்ப வந்த அத்தனை பேர் முன்னாலும் ஒரு எண்ணை எழுதி என் சட்டைப் பையில் செருகினான். 12112117. "எதையெதைப் பெருக்கினா இது வரும்னு கண்டுபிடிச்சுடு, நீதான்டா கெட்டிக்காரன்னு ஊரறிய ஒத்துக்கிறேன்."

2, 3, 5, 7 என்று பகா எண்களாக எடுத்து வகுத்துக்கொண்டே போனேன். 113 வரை ஒன்றும் ஒத்துவரவில்லை. அடுத்த பகா எண் 127தான், அந்த இடைவெளியில் சலித்துப்போய் விட்டுவிட்டேன். பொறாமைக்காரனுக்குப் பொறுமை ஏது? இது எதாலும் வகுபடாத எண், பயல் வேண்டுமென்றே ஏமாற்றியிருக்கிறான் என்று நானாகத் தீர்மானித்து, அவன் வரும்போது எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கக் காத்திருந்தேன்.

மூன்று வருடம் கழித்து வந்தான். அந்த ஞாயிறு காலை எங்கள் வேதக்கோயிலில், அவன் நல்லபடியாக வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்லி ஸ்தோத்திர ஜெபம். அன்றைக்குப் பாடும் பாட்டுகளின் எண்களை, இலக்கத்துக்கு ஓர் அட்டையாகச் சுவர்ப் பலகையில் செருகுவது என் வேலை. 45, 112, 208. என் கையால் செருகினேன், சத்தியம். மணி அடித்து எல்லாரும் உட்கார்ந்ததும் நிமிர்ந்து பார்க்கிறேன், பலகையில் 127, 283, 337.

"என்ன சார், நம்பரெல்லாம் மாறிக் கெடக்கு?" என்று பாதிரியார் அங்கிருந்தே கேட்டார். மூன்றும் பகா எண்கள் என்று எனக்குச் சுருக்கென்றது. பிரசங்கம் முழுக்கக் காணிக்கை உறையின் பின்பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்தேன். நம்பினால் நம்புங்கள், 12112117.

வெளியே வந்ததும் தேவா ஓடிவந்து கட்டிப்பிடித்தான். அவனும் பெருக்கிப் பார்த்திருக்கிறான். "டேய், நான் சும்மா கைக்கு வந்த நம்பரைத்தான்டா எழுதிக் குடுத்தேன். விடை எனக்கே தெரியாது. நீ பலகையிலயே போட்டுக் காட்டிட்டியே!" கூட்டத்தைக் கூப்பிட்டுச் சொன்னான், "இவன்தாங்க கெட்டிக்காரன்." இத்தனை வருடம் நான் ஏங்கிக் கிடந்த வார்த்தை. நான் இல்லை என்று சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

இப்போது தேவா மேல் எனக்குப் பொறாமை கிடையாது. அதைக் கண்டுபிடித்தது யாரோ, அவர் மேல்தான் வயிறு எரிகிறது.

இன்னொன்று. எண் அட்டைகள் வைக்கிற எங்கள் பெட்டியில் ஏழு ஒன்றுதான். மற்றது தொலைந்து பல வருடம், இரண்டு ஏழு வேண்டியிருந்தால் பாதிரியார் பாட்டையே மாற்றிவிடுவார். அன்றைக்கு நான் பலகையிலிருந்து கழற்றியது இரண்டு ஏழு. இரண்டும் இன்னும் பெட்டியில்தான் இருக்கின்றன. ஏழு வருகிற பாட்டென்றால் வேறு யாரையாவது செருகச் சொல்லிவிடுகிறேன். எது எங்கள் பழைய ஏழு என்று எனக்குத் தெரியவில்லை.